கல்லறையில் அம்மா கேட்பார், அப்பா நன்றி சொல்வார்: பாவமன்னிப்பும் நடுத்தீர்வையும்

நவம்பர் 2-ம் தேதி காலையில் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், சாமந்தி மாலையும் மெழுகுவத்தியும் விற்கிறவர்களைத் தாண்டித்தான் உள்ளே நுழைய முடியும். ஒரு வாரத்துக்கு முன்பே பல கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, எழுத்துகளுக்குக் கறுப்பு மை தீட்டியிருப்பார்கள். சின்ன வயதில் ஒவ்வொரு வருஷமும் தாத்தாவின் கல்லறைக்குப் போவோம். அப்பாவின் அப்பா அவர். எங்கள் அம்மா கத்தோலிக்கர், அப்பா சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபை. அம்மா மெழுகுவத்தியின் அடிப்பாகத்தை நெருப்பில் காட்டி உருக்கி, சிலுவைக்குக் கீழே அழுத்தி நிறுத்துவார். காற்றுக்கு ஒரு கையால் மறைத்துக்கொண்டே, "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று ஆரம்பிப்பார். மாமனாருக்காக மருமகள் வேண்டிக்கொள்ள, சொந்த மகனான அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்பார். வாய் அசையாது.

ஒரு வருஷம் கேட்டேவிட்டேன். "ஏம்பா, தாத்தாவுக்காக நீங்க ஜெபம் பண்ண மாட்டீங்களா?"

"நான் நன்றி சொல்லிக்கிட்டு இருக்கேன். கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அதெல்லாம் முடிஞ்சாச்சு."

அம்மா அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த மெழுகுவத்தியைப் பற்றவைத்தார். மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

அந்த "முடிஞ்சாச்சு" என்ற ஒரு சொல்லுக்குள் கிட்டத்தட்ட 500 வருஷ வாக்குவாதம் இருக்கிறது என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கிறிஸ்தவர்கள் பாவமன்னிப்பை நம்புகிறார்கள், சாவுக்குப் பிறகு நியாயத்தீர்ப்பு உண்டு என்று நம்புகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த மன்னிப்பு எப்போது முழுமையாகிறது, யார் வழியாக வருகிறது, மூச்சு நின்ற பிறகும் இங்கே இருக்கிறவர்கள் ஏதாவது செய்ய முடியுமா என்ற கேள்விகளில்தான் சபைகள் பிரிந்து நிற்கின்றன. சென்னையில் கலப்புக் குடும்பங்கள் அதிகம். ஒரே வீட்டில் கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் பெந்தெகொஸ்தேயும் இருப்பார்கள். அந்தப் பிரிவு ஒரே கல்லறையைச் சுற்றி நிற்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில், எல்லாருக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். மனிதனுக்கு ஒரு பிறவிதான். எபிரெயர் 9:27 இதை நேராகவே சொல்கிறது: "ஒரேதரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்படைவதும்" மனிதருக்கு நியமிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பிறவியில் தீர்த்துக்கொள்ளலாம் என்ற வழி இல்லை. தன் வினை தன்னைச் சுடும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, கிறிஸ்தவமும் அதைத்தானே சொல்கிறது என்று தோன்றும். பாதி சரிதான். "மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்" என்று பவுலே எழுதியிருக்கிறார். ஆனால் அதற்கு மேலே ஒன்றை வைக்கிறார்கள்: நம் வினையை இன்னொருவர் சுமந்தார் என்பது. சிலுவையை எடுத்துவிட்டால் இந்தக் கட்டுரையில் பேசுவதற்கு எதுவுமே மிஞ்சாது.

தமிழில் ஒரு விசேஷம் இருக்கிறது. குற்றத்துக்கும் பாவம் என்கிறோம், இரக்கப்படும்போதும் "ஐயோ, பாவம்" என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். எனக்குத் தெரிந்து, பாவியைப் பற்றிச் சுவிசேஷங்கள் பேசுகிற தொனிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது. இயேசு பாவிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்று படிக்கும்போது, அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் சேர்ந்தே என் காதில் விழுகின்றன.

மன்னிப்புக்கும் நம்மிடம் இரண்டு சொற்கள் உண்டு. அப்பா வைத்திருந்த வேதாகமத்தில் மத்தேயு 6:12 இப்படி வரும்: "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." அம்மா சொல்கிற கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் அதே இடத்தில், "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பது போல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று இருக்கும். கடன் என்பது கிரேக்க மூலத்திலேயே உள்ள சொல். கடன் என்றால் ஒரு கணக்கு இருக்கிறது, கொடுத்தவர் நினைத்தால் அதைத் தள்ளுபடி செய்யலாம். பொறுத்தல் வேறு மாதிரி. பொறுப்பது என்றால் தாங்குவது. அகழ்வாரைத் தாங்கும் நிலம் போல என்று வள்ளுவர் பொறையுடைமையில் சொல்வது இந்தத் தாங்குதலைத்தான். தள்ளுபடி செய்த கடன் காற்றில் கரைந்துவிடுவதில்லை, கொடுத்தவர் அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்கிறார். இரண்டு சொல்லையும் சேர்த்து வைத்தால்தான் சிலுவையைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் சொல்வது முழுதாக விளங்குகிறது.

கடன் என்று சொல்லும்போது எனக்கு ஃபெப்ரீஷியஸ் நினைவுக்கு வருவார். ஜெர்மனியிலிருந்து வந்து, 1742 முதல் சென்னையில் ஊழியம் செய்த லுத்தரன் மிஷனரி. புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது. வேப்பேரியில் இருந்துகொண்டு அவர் செய்த வேதாகமத் தமிழாக்கம்தான் பின்னால் 1871-ல் வந்த மொழிபெயர்ப்புக்கு அடித்தளம், நம் சபைகளில் இன்றும் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு அந்த வழியில் வந்தது. அவ்வளவு பெரிய காரியம் செய்த மனிதர், பணவிவகாரங்களில் சிக்கி, வயதான காலத்தில் கடனைத் தீர்க்க முடியாமல் சிறைக்குப் போனார். 1791-ல் இறந்தார். "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற வரியைச் சிறைக்குள் அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

சரி, அந்த மன்னிப்பு ஒரு ஆளிடம் எப்படி வந்து சேர்கிறது?

கத்தோலிக்கரின் பதில் பாவசங்கீர்த்தனம், குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்று சொல்கிறார்கள், பாட்டிகளுக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வரும். தமிழில் அச்சேறிய முதல் சில புத்தகங்களில் ஒன்றே பாவசங்கீர்த்தனம் எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்கிற கையேடுதான். போர்ச்சுகலிலிருந்து வந்த அண்டிறீக் அடிகளார் 1580-ல் கொச்சியில் அச்சிட்டது அது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் தங்கள் குற்றங்களைத் தங்கள் மொழியிலேயே சொல்லவேண்டும் என்பதற்காகச் செய்த வேலை.

ஞானோபதேச வகுப்பில் அதற்கு ஐந்து காரியங்களை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுப்பார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவத்தைக் குருவிடம் சொல்வது, அவர் கொடுக்கிற அபராதத்தைத் தீர்ப்பது. அபராதம் என்றதும் டிராஃபிக் போலீஸ் ஞாபகம் வரும். ஆனால் பெரும்பாலும் ஒரு சின்ன ஜெபம் அல்லது ஒரு நல்ல காரியம்தான். திருடியிருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள்.

பெரம்பூர் லூர்து மாதா கோயிலில் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு இரண்டு பக்கமும் வரிசை நிற்கும். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது அம்மாவோடு அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். முழங்காலிட்டால் முகத்துக்கு நேரே ஓட்டை ஓட்டையான ஒரு தடுப்பு. அந்தப் பக்கம் சாமியாரின் காது மட்டும் நிழலாகத் தெரியும். "பாவியாகிய என்னை ஆசீர்வதியும் சாமி" என்று தொடங்கி, கடைசியாகச் செய்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக. சொல்லும்போது தொண்டை அடைக்கும். எழுந்து வெளியே வரும்போது கால் லேசாக இருக்கும். கேட்டதை அந்தக் குரு உயிரே போனாலும் வெளியே சொல்லக்கூடாது, நேரடியாகக் காட்டிக்கொடுத்தால் அந்தக் கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர் ஆகிவிடுவார் என்பது அவர்களுடைய சட்டம்.

மன்னிக்கிறவர் கடவுள், குரு கருவி மட்டும்தான் என்பதில் கத்தோலிக்கர் தெளிவாக இருக்கிறார்கள். உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம், "எவர்களுடைய பாவங்களை மன்னிக்கிறீர்களோ அவைகள் அவர்களுக்கு மன்னிக்கப்படும்" என்று சொன்னதை (யோவான் 20:23) அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். பாவத்திலும் இரண்டு வகை பிரிப்பார்கள், சாவான பாவம், அற்ப பாவம் என்று. கனமான காரியமாக இருந்து, தெரிந்தே, முழு மனதோடு செய்தால் அது சாவான பாவம். அதோடு மனம் திரும்பாமல் செத்தால் நரகம். கடைசி நேரத்தில் குரு வரமுடியாத நிலை ஏற்பட்டால்? கடவுள்மேல் உள்ள அன்பினால் மட்டும் வருகிற உத்தம மனஸ்தாபம் போதும், முடிந்தபோது பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற எண்ணம் இருக்கவேண்டும். லாரி மோதிச் சாலையில் கிடப்பவருக்கும் வழி திறந்தே இருக்கிறது என்று அம்மா சொல்வார்.

அப்பாவுடைய சபையில் தொட்டி கிடையாது. சி.எஸ்.ஐ. பிறந்ததே இந்த ஊரில்தான். 1947 செப்டம்பர் 27 அன்று, கதீட்ரல் சாலையில் இருக்கிற ஜார்ஜ் கதீட்ரலில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், இன்னும் சில மரபுகள் இணைந்து ஒரே சபையானார்கள். அந்த மரபுகள் எல்லாம் 16-ம் நூற்றாண்டில் கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த சீர்திருத்தத்தின் பிள்ளைகள். திருவிருந்து ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து முழங்காலிட்டுப் பொதுவாகப் பாவ அறிக்கை செய்வார்கள், ஆயர் எழுந்து மன்னிப்பின் வார்த்தைகளைச் சொல்வார். தனிப்பட்ட பாவத்தைப் படுக்கையருகே கடவுளிடம் நேராகச் சொன்னால் போதும். "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" அவர் மன்னிப்பார் என்ற 1 யோவான் 1:9 அவர்களுக்கு மனப்பாடம்.

சித்தப்பா பெந்தெகொஸ்தே. அவரைக் கேட்டால் ஒரு தேதி சொல்வார். இன்ன வருஷம், இன்ன மாதம், இன்ன கூட்டத்தில் இரட்சிக்கப்பட்டேன் என்று சாட்சி சொல்லித்தான் பேச்சையே ஆரம்பிப்பார். அதன் பிறகு முழுக்கு ஞானஸ்நானம். அந்த நாளோடு பழைய கணக்கு கிழிந்துபோனது. ஆனால் அவருடைய சபையில், பின்வாங்கிப் போனால் இரட்சிப்பை இழக்கலாம் என்றும் கற்பிக்கிறார்கள். பாப்டிஸ்டுகளில் பலர் ஒருமுறை பெற்றதை இழக்கவே முடியாது என்பார்கள்.

இப்போது சாவுக்கு வருவோம். அம்மா ஏன் கேட்கிறார் என்பது இங்கேதான் இருக்கிறது.

கத்தோலிக்கப் போதனையில் இரண்டு தீர்வை உண்டு. உயிர் பிரிந்த உடனே ஒவ்வொரு ஆத்துமாவுக்கும் தனித்தீர்வை. உலக முடிவில் எல்லாரும் உடலோடு எழுந்து நிற்கும்போது பொதுத்தீர்வை. பழைய விசுவாசப் பிரமாணத்தில் "நடுத்தீர்க்க வருவார்" என்று ஒரு அழகான சொல் இருக்கும். நடுவுநிலைமையில் வருகிற அதே நடு. பக்கம் சாயாமல் தீர்ப்பது. தனித்தீர்வையில் மோட்சம், நரகம் தவிர மூன்றாவதாக ஒன்று வருகிறது. அதுதான் உத்தரிக்கிற ஸ்தலம்.

இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். உத்தரிக்கிற ஸ்தலம் என்பது இரண்டாவது வாய்ப்பு இல்லை, குட்டி நரகமும் இல்லை. அங்கே போகிறவர் ஏற்கெனவே மன்னிப்புப் பெற்றவர், மோட்சத்துக்குப் போவது உறுதியானவர். அப்புறம் ஏன் தாமதம்? ஒரு மகன் வீட்டில் அம்மாவின் சங்கிலியை எடுத்துக்கொண்டுபோய் அடகு வைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மாட்டிக்கொண்டு காலில் விழுகிறான். அம்மா அழுதுகொண்டே மன்னித்துவிடுகிறார். மன்னிப்பு உண்மை, முழுமையானது. ஆனால் சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதை மீட்டு அம்மாவின் கையில் கொடுக்கும்வரை அந்த மகனுக்கே மனம் ஆறாது. பாவத்தின் குற்றம் மன்னிக்கப்பட்ட பிறகும், அது விட்டுச்சென்ற கறையும் கோணலும் சரியாகவேண்டும் என்பதுதான் உத்தரிப்பு. அதில் வீட்டில் மற்றவர்களும் கைகொடுக்கலாம், அக்கா தன் சம்பளத்திலிருந்து கொஞ்சம் போடலாம். இறந்தவர்களுக்காகப் பூசைக்குக் கொடுப்பதும், 30-ம் நாள் திருப்பலி வைப்பதும், நவம்பர் 1 முதல் 8 வரை கல்லறைக்குப் போய் ஜெபித்தால் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்குப் பரிபூரண பலன், அதாவது மீதி உத்தரிப்பிலிருந்து முழு விடுதலை, கிடைக்கும் என்பதும் எல்லாமே இந்த எண்ணத்தில் நிற்கின்றன. நவம்பர் 2-ஐ இறந்தோர் நாளாக்கும் வழக்கத்தை ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸில் உள்ள க்ளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ தொடங்கினார்.

வேத ஆதாரம் என்று கேட்டால் அம்மாவின் பைபிளில் 2 மக்கபேயர் 12-ம் அதிகாரம் இருக்கிறது. போரில் செத்த வீரர்களின் பாவத்துக்காக யூதா மக்கபே வெள்ளி திரட்டி எருசலேமுக்குப் பலி ஒப்புக்கொடுக்க அனுப்புகிறார். அப்பாவின் பைபிளில் அந்தப் புத்தகமே கிடையாது. அதில் 66 புத்தகங்கள், அம்மாவுடையதில் 73. ஒரே அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அப்பாவின் "முடிஞ்சாச்சு" 1517-லிருந்து வருகிறது. ஜெர்மனியில் அப்போது இந்தப் பலன்கள் காசுக்கு விற்கப்பட்டன. செத்துப்போன அப்பா அம்மாவை நெருப்பிலிருந்து எடுக்கலாம் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். ஏழைகள் கொடுத்தார்கள். இதை எதிர்த்து மார்ட்டின் லுத்தர் 95 கருத்துகளை எழுதினார். அந்த வியாபாரம் அசிங்கமானதுதான், பின்னால் கத்தோலிக்கத் திருச்சபையே திரெந்துப் பொதுச்சங்கத்தில் அதைக் கண்டித்தது, உத்தரிக்கிற ஸ்தலம் என்ற போதனையை மட்டும் 1563-ல் உறுதிப்படுத்தியது. ஆனால் லுத்தர் போகப்போகக் கேட்ட கேள்வி பணத்தோடு நிற்கவில்லை. கிறிஸ்து எல்லாக் கடனையும் அடைத்துவிட்டார் என்றால், மீதி வட்டி எங்கிருந்து வந்தது? சங்கிலியையும் அவரே மீட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்பதுதானே சுவிசேஷம்? கிருபையினாலே, விசுவாசத்தைக் கொண்டு இரட்சிப்பு. அதில் சேர்க்க நம்மிடம் ஒன்றும் இல்லை.

அப்பா இதற்கு எப்போதும் சிலுவையில் தொங்கிய கள்ளனைத்தான் காட்டுவார். வாழ்க்கை முழுக்கத் திருடியவன், ஒரு நல்ல காரியம் செய்யக்கூட அவனுக்கு நேரம் இல்லை. அவனிடம் இயேசு, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்றார். இன்றைக்கு. கத்தோலிக்கர் கேட்டால், சிலுவையில் அவன் பட்ட பாடே அவனுக்கு உத்தரிப்பு என்பார்கள். அதுவும் சும்மா தள்ளிவிடக்கூடிய பதில் இல்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பிரசங்கங்களில் இது அடிபடுவதே இல்லை. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்முடைய தகுதியால் இல்லை, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இரண்டு பக்கமும் சேர்ந்து சொன்னார்கள். 2006-ல் மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள். உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய வித்தியாசம் அப்படியே இருக்கிறது. ஆனால் "அவர்கள் பூசை வாங்கி மோட்சத்துக்குப் போகிறார்கள்" என்றும் "இவர்கள் நம்பினால் போதும் என்று எதையும் செய்வார்கள்" என்றும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்வதற்கு இனி அறியாமை தவிர வேறு காரணம் இல்லை.

பெந்தெகொஸ்தேக்காரர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவர்கள் பார்வை முழுவதும் வருகையின்மேல் இருக்கும். இரும்புலியூரில் தலைமையிடம் உள்ள பெந்தெகொஸ்தே மிஷன் தொடங்கி தெருமுனையில் மாடியில் நடக்கிற சின்னச் சபை வரை இரண்டாம் வருகைதான் முக்கியப் பேச்சு. சித்தப்பா சொல்கிற வரிசை இது: முதலில் இரகசிய வருகை, விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். அவர்கள் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன் நிற்பது தண்டனைக்காக இல்லை, ஊழியத்துக்குப் பலனும் கிரீடமும் பெறுவதற்காக. கடைசியில் வெள்ளைச் சிங்காசனத் தீர்ப்பு, மற்றவர்களுக்கு. வெளிப்படுத்தின விசேஷம் 20-ம் அதிகாரத்தில் புஸ்தகங்கள் திறக்கப்படுகின்றன, பிறகு ஜீவபுஸ்தகம் என்ற வேறொரு புஸ்தகமும் திறக்கப்படுகிறது. செயல்கள் எழுதிய புத்தகங்கள் பல, பேர்கள் எழுதிய புத்தகம் ஒன்று. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் இதிலிருந்தும் விலகி, செத்தவர் உயிர்த்தெழும்வரை ஒன்றும் அறியாமல் தூங்குகிறார் என்றும், தீயவர்கள் முடிவில் அழிந்துபோவார்களே தவிர என்றென்றைக்கும் எரிந்துகொண்டிருக்க மாட்டார்கள் என்றும் நம்புகிறார்கள்.

சென்னைச் சுவர்களில் ஒட்டுகிற இரங்கல் போஸ்டரின் வினைச்சொல்லைப் பார்த்தே செத்தவர் எந்தச் சபை என்று ஓரளவு சொல்லிவிடலாம். "இறைவனில் இளைப்பாறினார்" என்றால் அநேகமாகக் கத்தோலிக்கர். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" சி.எஸ்.ஐ. வீடுகளில் அதிகம். "மகிமைக்குள் பிரவேசித்தார்" என்றால் பெந்தெகொஸ்தே. எந்தச் சபையும் "செத்தார்" என்று போடுவதில்லை. மூன்றுமே உடல் எழும்பும் என்ற நம்பிக்கையிலிருந்து வந்தவை. நம் ஆட்கள் இடமில்லாத இந்த நகரத்திலும் குடும்பக் கல்லறையைத் திறந்து மறுபடி அடக்கம் செய்வதற்கும் அந்த நம்பிக்கைதான் காரணம். 1963 முதல் கத்தோலிக்கர் தகனம் செய்ய அனுமதி உண்டு, ஆனாலும் எங்கள் பாட்டி மண்தான் வேண்டும் என்றார்.

நரகம் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். ஐசுவரியவான், லாசரு உவமையில் நடுவே "பெரும்பிளப்பு" இருக்கிறது, கடக்கமுடியாது. பெரும்பாலான சபைகள் இதை வைத்துத்தான், சாவுக்குப் பிறகு மனம் திரும்ப முடியாது என்கின்றன. 1999-ல் போப் இரண்டாம் ஜான் பால், நரகம் என்பது ஓர் இடம் என்பதைவிட, தானாகவே முடிவாகக் கடவுளை விட்டு விலகியவனின் நிலை என்று விளக்கினார். இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று கத்தோலிக்கத் திருச்சபை இதுவரை ஒருவர் பெயரையும் அறிவித்ததில்லை, யூதாஸ் உட்பட. புனிதர்கள் பட்டியல் இருக்கிறது, நரகவாசிகள் பட்டியல் இல்லை.

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று நம் ஊரில் உண்டு. என்னோடு வேலை செய்த ஒருவர் கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் வாங்கியவர். அவருடைய அப்பா கடைசிவரை கபாலீசுவரர் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், யாருக்கும் தீங்கு நினைக்காத மனிதர். காரியம் முடிந்து ஒரு வாரத்தில் அவர் என்னிடம், "எங்கப்பா இப்ப எங்க இருக்கார்? தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். அவர் போகிற சபையில் அதற்குக் கிடைத்த பதில் அவரைத் தூங்கவிடவில்லை. இயேசுவை ஏற்காதவருக்கு இரட்சிப்பு இல்லை என்று நேராகச் சொல்கிற சபைகள் இந்த ஊரில் நிறைய இருக்கின்றன. அவர்கள் அதை வேதத்துக்கு உண்மையாக இருப்பதாகவே நினைத்துச் சொல்கிறார்கள். ஆனால் அதுதான் ஒரே கிறிஸ்தவப் பதில் என்று நினைக்கக்கூடாது. 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தன் குற்றமில்லாமல் கிறிஸ்துவை அறியாமல், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சி காட்டிய வழியில் நடக்க முயல்கிறவர்களும் நிலைவாழ்வு அடையமுடியும் என்று எழுதிவைத்தது. மத்தேயு 25-ல் கடைசித் தீர்ப்பில் கேட்கப்படுவது என்னவென்று அவரைப் படித்துப் பார்க்கச் சொன்னேன். பசித்தவனுக்குச் சாப்பாடு, தாகத்துக்குத் தண்ணீர், ஆஸ்பத்திரியில் கிடந்தவனைப் போய்ப் பார்த்தது. அங்கே வலது பக்கம் நிற்கிறவர்களே, ஆண்டவரே உம்மை எப்போது பார்த்தோம் என்று கேட்கிறார்கள். அவருடைய அப்பாவும் அப்படிக் கேட்பவராக இருக்கலாம் என்றுதான் நான் நம்புகிறேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

மூன்று சபையும் மாறாமல் ஒப்புக்கொள்கிற கடினமான இடம் ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன ஜெபத்தில் ஒரு "போல" வருகிறதே, அதுதான். நாங்கள் மன்னிக்கிறதுபோல. நாங்கள் பொறுப்பது போல. எப்படிச் சொன்னாலும் நிபந்தனை போகாது. மத்தேயு 18-ல் இதற்கு ஒரு கதை உண்டு. ராஜாவிடம் 10,000 தாலந்து கடன்பட்டவன் கெஞ்சுகிறான், முழுக்கடனும் தள்ளுபடி. வெளியே வந்தவன் தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து 6,000 நாள் கூலி. அதாவது அவனுக்குத் தள்ளுபடியானது 6 கோடி நாள் கூலி. ஒருநாள் லீவு எடுக்காமல் உழைத்தாலும் 1,60,000 வருஷத்துக்கு மேல் ஆகும். அவன் விடாத கடன் மூன்று மாதச் சம்பளத்துக்குச் சற்று மேல்தான், ஆனால் கொஞ்சப் பணமும் இல்லை. நமக்கு இழைக்கப்பட்டது உண்மையான அநியாயம் என்பதை இயேசு மறுக்கவில்லை என்றுதான் நான் அந்த 100-ஐப் படிக்கிறேன்.

எங்கள் வீட்டில் இரவு ஜெபத்தில் அம்மா தன் வாசகத்தில் சொல்வார், அப்பா தன் வாசகத்தில் சொல்வார், இரண்டும் கலந்து கேட்கும். சில வருஷங்கள் அந்த ஒரு வரி வரும்போது அப்பாவின் குரல் நின்றுவிடும். அம்மா குரல் மட்டும் கேட்கும். அடுத்த வரியில் அப்பா மறுபடி சேர்ந்துகொள்வார். பெரியப்பாவுக்கும் அவருக்கும் பெரம்பூர் வீட்டுப் பாகத்தில் தகராறு, பேச்சுவார்த்தை இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கும் அந்த மௌனத்துக்கும் உள்ள தொடர்பு அப்போது தெரியாது. ஜெபத்தில் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்திருக்கிறார். ஒருநாள் ராத்திரி அந்த வரியை முழுதாகச் சொன்னார். அம்மா கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். அன்று சாயங்காலம் அவர் பஸ் பிடித்து வியாசர்பாடிக்குப் போய்ப் பெரியப்பா வீட்டில் காபி குடித்துவிட்டு வந்திருந்தார் என்று அம்மா பிற்பாடு சொன்னார். பாகம் திரும்பக் கிடைக்கவில்லை.

அப்பா இறந்தபோது தாத்தாவின் கல்லறையைத்தான் திறந்தோம். கல்லில் என்ன எழுதுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. அம்மாவுக்கு "இளைப்பாறுகிறார்" வேண்டும். பெரியப்பா "நித்திரை" என்றார். சித்தப்பா, "அண்ணன் தூங்கல, மகிமையில இருக்கார்" என்றார். கல் வெட்டுகிறவர் எழுத்துக் கணக்கில்தான் காசு வாங்குவார், சீக்கிரம் முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் அம்மாதான் அப்பாவின் பைபிளை எடுத்துவரச் சொன்னார். யோபு 19:25-க்கு அப்பா பென்சிலால் கோடு போட்டிருந்தார். யோபு புத்தகம் இரண்டு பைபிளிலும் இருக்கிறது. பேர், இரண்டு தேதி, அதற்குக் கீழே "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்". அப்பாவைப் பற்றி வினைச்சொல் எதுவும் போடவில்லை.

போன நவம்பரில் மை தீட்டுகிற பையன் வரத் தாமதமானதால் அம்மாவே தூரிகையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். மீட்பர் என்ற சொல்லில் புள்ளி உதிர்ந்திருந்தது. அதை வைத்துவிட்டு, மெழுகுவத்தியைப் பற்றவைத்து, எப்போதும்போல ஆரம்பித்தார். அப்பா நின்ற இடத்தில் நான் கைகட்டி நின்றேன்.